முதல் சுற்று

அப்பாவின் புல்லட் இன்ஜினைப் பிரித்து, வேலை பார்த்து, திரும்பப் பூட்டி முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதைக் கெடுக்க ஆறு நிமிடம் போதுமானதாக இருந்தது.

2020, ஊரடங்குக் காலம். பகலெல்லாம் லேப்டாப், ராத்திரியானால் போர்டிகோவில் ஸ்பானர். 1980களின் தொடக்கத்தில் அப்பா வாங்கிய வண்டி அது. பத்து வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கையில் பொறியியல் பட்டம் இருக்கிறது, இணையத்தில் வீடியோ இருக்கிறது, அப்புறம் என்ன என்று இறங்கிவிட்டேன். லேத் பட்டறை திறந்ததும் சிலிண்டருக்குப் போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கினேன். கிராங்கைப் பிரித்து, கனெக்டிங் ராடின் பெரிய முனையில் புது புஷ் போட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் பெட்ரோலில் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாமல் போகும்வரை துடைத்தேன். அந்தச் சுத்தத்தில் எனக்கு ஒரு பெருமை. பாதி வினை அந்தச் சுத்தத்தில்தான் இருந்தது என்பது அப்போது தெரியாது.

அளவுக் கம்பியில் சரியாகக் கோடு வரைக்கும் எண்ணெய் ஊற்றினேன். மூன்றாவது கிக்கில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கு வந்து நின்றார். நான் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கிக் காட்டினேன். ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று ஒரு சத்தம், தொடர்ந்து ஒரு கிறீச்சல். நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் அசையவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தார்ப்பாயை எடுத்து வந்து வண்டிமேல் போட்டார்.

எங்கள் பகுதியில் பல வருடமாகப் புல்லட் மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய். இன்ஜினைப் பிரித்து, அந்தப் புது புஷ்ஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் வெள்ளை உலோகப் பூச்சு உருகி, மெழுகு வழிந்த மாதிரி ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது.

“எண்ணெ ஊத்துனீங்களா தம்பி?”

“ஊத்துனேன் பாய். லெவல் பாத்துதான் ஊத்துனேன்.”

“ஊத்துனது சரி. போய்ச் சேந்துச்சான்னு பாத்தீங்களா?”

ஊற்றுவதும் போய்ச் சேர்வதும் வேறு வேறு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

முன்னால் நின்று ஊற்றியவர்கள்

எகிப்தில் டெய்ர் எல்-பெர்ஷா என்ற இடத்தில் ஜெஹுதிஹோதெப் என்ற பிரதேச ஆளுநரின் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ 3,900 ஆண்டுகள் பழையது. அதன் சுவரோவியம் ஒன்றில் பிரமாண்டமான சிலையொன்றைச் சறுக்குவண்டியில் ஏற்றி 172 பேர் வரிசையாக இழுக்கிறார்கள். வண்டியின் முன்முனையில் ஒருத்தன் நின்றுகொண்டு குடத்திலிருந்து எதையோ தரையில் ஊற்றுகிறான். இது ஏதோ சடங்கு என்று பலர் நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்ததில், மணலைச் சரியான அளவு ஈரமாக்கினால் இழுக்கத் தேவைப்படும் விசை பாதியாகக் குறைந்தது. ஈர மணல் வண்டிக்கு முன்னால் குவிந்து மறிப்பதில்லை.

அந்த ஆள் எங்கே ஊற்றுகிறான் என்று பாருங்கள். வண்டி கடந்துபோன இடத்தில் இல்லை, இன்னும் வந்து சேராத இடத்தில்.

என் தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை தயார் செய்வார்கள். பாரம் ஏற்றுவதற்கு முன்பே சக்கரத்தைக் கழற்றி அச்சில் மை போட்டுவிடுவார்கள். வண்டி கிறீச்சிட்ட பிறகு மை போடுகிறவனை ஊரில் யாரும் வண்டிக்காரன் என்று மதிக்க மாட்டார்கள்.

நீராவி இன்ஜின் வந்ததும் இந்த வேலைக்கென்றே ஆள் வைக்க வேண்டியதாயிற்று. மாட்டுக் கொழுப்பை உருக்கிக் குப்பிகளில் ஊற்றுவது, எண்ணெய்க் கேனோடு அச்சு அச்சாகப் போய் வருவது. கனடாவில் பிறந்த எலைஜா மெக்காயின் பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்கள். அவர் எடின்பரோவுக்குப் போய் இயந்திரப் பொறியியல் பயின்றார். திரும்பி வந்து மிச்சிகனில் ரயில்வேயில் வேலை கேட்டபோது, கறுப்பர் என்பதால் அவருக்குக் கிடைத்தது நெருப்புக்குக் கரி அள்ளிப் போட்டு, இன்ஜினுக்கு எண்ணெய் விடும் வேலை. வண்டியை நிறுத்தி நிறுத்தி எண்ணெய் விட்ட அனுபவத்தில், ஓடும்போதே தானாக எண்ணெய் விடும் கருவி ஒன்றைச் செய்து 1872இல் காப்புரிமை வாங்கினார். பட்டம் இருந்தும் எனக்குப் புரியாதது அவருக்குப் புரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் கையில் எண்ணெய்க் கேன் இருந்தது.

பிடுங்கி எறியப்பட்ட தக்கை

எண்ணெய் என்ன செய்கிறது? வழுக்கலாக இருப்பதால் வழுக்க வைக்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தோம். இந்தப் பதில் போதாது என்று காட்டியவர் பீச்சம் டவர்.

ரயில்களின் வேகம் கூடக் கூட அச்சுத் தாங்கிகள் சூடேறிக் கெட்டன. பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வை ஆராய ஒரு குழு அமைத்து, சோதனைப் பொறுப்பை டவரிடம் கொடுத்தது. 4 அங்குல விட்டமுள்ள ஓர் அச்சு, அதன் மேல் கவிழ்த்த பித்தளைத் தாங்கி, அதன் மேல் பாரம், கீழே ஓர் எண்ணெய்த் தொட்டி. அச்சு சுழலும்போது அதுவே எண்ணெயை அள்ளிக்கொண்டு மேலே போகும்.

வழக்கம்போல் எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார் டவர். பாரம் அதிகமாக அழுத்தும் இடம் அதுதானே, அங்கேதானே எண்ணெய் வேண்டும்? இயந்திரத்தை ஓட்டினால் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை. உள்ளிருந்து மேலே பொங்கி வழிந்தது. தொந்தரவாக இருக்கிறதே என்று தக்கையை வைத்து அடைத்தார். தக்கை மெல்ல வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையைச் செதுக்கி அடித்தார். அதுவும் வெளியே வந்தது.

இந்த இடத்தில் சலித்துக்கொண்டு ஆணி அடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். டவர் அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். பாரத்தின் சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்ட். மானியின் முள்ளோ 200ஐத் தாண்டிப் போய்விட்டது. அதாவது அச்சு பித்தளையைத் தொடவே இல்லை. அவ்வளவு பாரமும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது. 1883இல் வெளியான அறிக்கையில் இதைப் பதிவு செய்தார்.

ஏன் என்று சொன்னவர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். பாரம் இருப்பதால் அச்சு தாங்கியின் நடுமையத்தில் நிற்காது, சற்று ஒதுங்கி நிற்கும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்பு போல அமையும். சுழலும் அச்சு, தன்மேல் ஒட்டிய எண்ணெயை அகன்ற பக்கத்திலிருந்து குறுகிய பக்கத்துக்கு இழுத்துப் போகிறது. போக வழியில்லாத எண்ணெய் அழுத்தம் கொள்கிறது. அந்த அழுத்தம்தான் பாரத்தைத் தூக்குகிறது. 1886இல் வந்த அவருடைய கட்டுரையின் சமன்பாடு இன்றைக்கும் தாங்கி வடிவமைப்பவர்களின் அடிப்படைப் பாடம்.

கல்லூரியில் இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தச் சமன்பாட்டில் இருக்கும் வேகம் என்ற உறுப்பைப் பூஜ்யமாக்கினால் என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வேகம் இல்லையென்றால் ஆப்பு வேலை செய்யாது, அழுத்தம் உண்டாகாது, அச்சு இறங்கித் தாங்கியின் மேல் உட்கார்ந்துவிடும். படலத்தை உண்டாக்குவதே ஓட்டம்தான். ஓட்டம் தொடங்கும் அந்த முதல் நொடியில் படலம் கிடையாது.

பைத்தியமும் கல்யாணமும்

தொட்டியில் எண்ணெயை வைத்து அச்சே அள்ளிக்கொள்ளட்டும் என்று விடுவது எல்லா இயந்திரத்துக்கும் ஒத்துவராது. டைனமோக்களை ஓட்ட வந்த வேகமான நீராவி இன்ஜின்களுக்கு எண்ணெயைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. பர்மிங்ஹாமில் பெல்லிஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் சார்ல்ஸ் பெயின், பம்ப் வைத்து அழுத்தத்தோடு எண்ணெயை ஒவ்வொரு தாங்கிக்கும் அனுப்பும் முறையை 1890இல் காப்புரிமை செய்தார். நம் கார், பைக், லாரி எல்லாவற்றிலும் பின்னாளில் வந்து சேர்ந்தது இந்த யோசனைதான். அந்தப் பம்பை ஓட்ட இன்னொரு இன்ஜின் வேண்டாம், இன்ஜினின் தண்டே ஓட்டிக்கொள்ளும். என் புல்லட்டிலும் அப்படித்தான், கிராங்கின் முனையில் இருக்கும் திருகுப்பல் சுற்றினால் பம்ப் சுற்றும்.

மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்ஜின் சேதமில்லாமல் சுற்ற எண்ணெய் வேண்டும். எண்ணெய் வர இன்ஜின் சுற்ற வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

நேற்று ஓடிய இன்ஜினில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. குழாய்களில் பழைய எண்ணெய் நிற்கிறது, ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பம்ப் இழுக்கும்வரை அந்த மிச்சம் தாங்கும். பிரித்துப் பூட்டிய இன்ஜினில் குழாய் முழுக்கக் காற்று, பம்புக்குள்ளும் காற்று. பரப்புகளோ, என் கைங்கரியத்தில், பெட்ரோலில் குளித்துத் துணியில் துடைத்துக்கொண்டு நிற்கின்றன. பத்து வருடம் அழுக்கோடு கிடந்த பழைய இன்ஜினை அப்படியே உதைத்திருந்தால்கூட இதைவிடப் பத்திரமாக இருந்திருக்கும்.

என் தொழிலிலும் இதே முடிச்சு உண்டு. நிரலை நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும், அந்த முதல் நிரலை யார் ஏற்றுவது? கணினியை ‘பூட்’ செய்வது என்ற சொல்லே, தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற நகைப்பிலிருந்து வந்தது. 1960களின் சிறு கணினிகளில் முன்பலகை சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தட்டி, முதல் சில கட்டளைகளை ஒரு மனிதர் கையால் ஏற்றுவார். அதற்கப்புறம்தான் எல்லாம் தானாக நடக்கும். பெரிய கப்பல் இன்ஜின்களிலும் இதே ஏற்பாடுதான். தனி மோட்டாரில் ஓடும் எண்ணெய்ப் பம்பை முதலில் போட்டு, இன்ஜினை மெதுவாகச் சுற்றிவிட்டு, பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்கள். புதிதாகப் பொருத்திய விமான இன்ஜின்களுக்கும் வெளியிலிருந்து எண்ணெயை அழுத்தி ஏற்றுவது நெடுநாள் வழக்கம். முடிச்சை அவிழ்க்கும் கை எப்போதும் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

ஹோல்ட்வுட், 1912

நான் தனியாள் இல்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னவர் ஆல்பர்ட் கிங்ஸ்பரி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே ரயில் தாங்கிகளைச் சோதித்தவர். ரெனால்ட்ஸின் கட்டுரையைப் படித்ததும், அந்த ஆப்பைச் செங்குத்துத் தண்டுகளுக்கும் கொண்டுவரலாமே என்று தோன்றியது அவருக்கு. தண்டின் அடியில் ஒரே தட்டு வைப்பதற்குப் பதில், லேசாகச் சாயக்கூடிய பல தனித்தனித் துண்டுகளை வட்டமாக வைத்தார். சுழற்சி தொடங்கியதும் ஒவ்வொரு துண்டும் தானாகச் சாய்ந்து, தனக்கான ஆப்பை அமைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் மிச்செல் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையம் இருக்கிறது. அங்கே சுழலும் பகுதியின் பாரத்தைத் தாங்கிய உருளைத் தாங்கிகள் அடிக்கடி தேய்ந்து, நிலையத்தை நிறுத்த வைத்தன. 1912 ஜூனில் ஐந்தாம் எண் இயந்திரத்தில் கிங்ஸ்பரியின் தாங்கியைப் பொருத்தினார்கள். தாங்க வேண்டிய பாரம் 220 டன்.

முதல் முறை ஓட்டியதுமே தாங்கியின் உலோகப் பூச்சு இழுபட்டுப் போனது.

என் உள்ளங்கையில் பாய் வைத்த புஷ் நினைவுக்கு வந்தது. கோட்பாட்டில் பிழையில்லை. படலம் மிக மிக மெல்லியது. பரப்பில் உள்ள மேடு அதைவிட உயரமாக இருந்தால் படலத்தைக் கிழித்துவிடும். கிங்ஸ்பரி ஒதுங்கிப் போகவில்லை. பரப்புகளைத் திரும்ப மெருகேற்றி, அளவுகளைச் சரிபார்த்துப் பொருத்தினார். இரண்டாவது முறை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. 75 வருடம் கழித்து 1987இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும், சொல்லும்படியான தேய்மானம் அதில் இல்லை.

முதல் ஓட்டத்தில் கெட்டதும் முக்கால் நூற்றாண்டு தேயாமல் உழைத்ததும் ஒரே தாங்கி. இயந்திரத்தின் ஆயுளை அதன் ஓட்டம் தின்கிறது என்று நினைக்கிறோம். ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை என்றால், தின்பது தொடக்கங்கள்தான். அதிலும் முதல் தொடக்கம்.

அல்சாஸில் குஸ்தாவ் அடோல்ஃப் ஹிர்ன் இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1854இல், வேறொன்றை எழுதியிருந்தார். புதுத் தாங்கியின் உராய்வை ஓட்டிய உடனே அளந்து பிரயோஜனமில்லை, கொஞ்ச நேரம் ஓடிப் பழகிய பிறகுதான் நிலையான அளவு கிடைக்கும். நம் ஊரில் ஒரு காலத்தில் புது வண்டிகளின் பின்னால் ‘ரன்னிங் இன்’ என்று எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போவார்களே, அதன் மூதாதை இந்தக் குறிப்பு.

ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்

படலம் இல்லாத அந்த நொடியில் எது காப்பாற்றுகிறது? ரெனால்ட்ஸின் கணக்கில் எண்ணெயின் பாகுத்தன்மை மட்டும்தான் உண்டு. ஆனால் ஒரே பாகுத்தன்மை உள்ள இரண்டு எண்ணெய்களில் ஒன்று நன்றாகக் காக்கும், இன்னொன்று காக்காது. கைவினைஞர்கள் இதை அறிந்திருந்தார்கள், அறிவியலுக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. பிரிட்டனில் வில்லியம் ஹார்டியும் ஐடா டபிள்டேவும் 1920களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து ‘எல்லை உயவு’ என்று பெயரிட்டார்கள். கொழுப்பு அமிலங்களின் நீண்ட மூலக்கூறுகள் ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு, கம்பளத்தின் இழைகள் போல நிற்கின்றன. இரண்டு பரப்புகள் உரசும்போது இழையும் இழையும்தான் உரசும். ஒரு மூலக்கூறு உயரமுள்ள படலம், அதற்கு வேகம் தேவையில்லை.

மாட்டுக் கொழுப்பும் விளக்கெண்ணெயும் ஏன் நல்ல மசகு என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் இன்ஜின்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பது கூடுதல் வசதி. இன்று இன்ஜின் பூட்டும்போது தடவும் பசையில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்திருக்கும். கறுப்பாக, பிசுபிசுப்பாக, கையில் பட்டால் சோப்புக்கும் போகாது. பம்ப் எண்ணெய் வந்து சேரும்வரை வழிந்தோடாமல் இருந்த இடத்தில் நிற்பதுதான் அதன் வேலை. கரியும் எண்ணெயுமாகத் தாத்தா குழைத்த வண்டி மையும் அப்படி நின்றதுதான்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தெரியவந்த ஒரு விஷயம் வேடிக்கையானது. நான் எழுதும் நிரல்களைச் சேமித்த ஹார்ட் டிஸ்க்கிலும் ரெனால்ட்ஸ் இருக்கிறார். படிக்கும் முனை, சுழலும் தட்டைத் தொடாமல் காற்றுப் படலத்தில் மிதக்கிறது. எண்ணெய்க்குப் பதில் காற்று, ஆப்பு ஒன்றுதான். தட்டு நின்றால் படலமும் இல்லை. 1973இல் ஐபிஎம் கொண்டுவந்த வின்செஸ்டர் வகையில் முனை தட்டின்மேலேயே இறங்கி உட்கார்ந்தது. அந்த நேரத்துக்காகத் தட்டின்மேல் மெல்லிய மசகு பூசினார்கள். அதுவும் முன்கூட்டியே.

நாற்பது கிக்

கிராங்கைத் திரும்பப் பிரித்து, புஷ் மாற்றி, எல்லாம் தயாராக இரண்டு மாதம் ஆனது. இந்த முறை பூட்டியவன் நான்தான், பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவும் வந்திருந்தார்.

புஷ்ஷில் எண்ணெயை ஊற்றி விரலால் தடவினேன். கேம் மேடுகளில் கறுப்புப் பசை. பிஸ்டன், ரிங், வால்வு கைடு, ராக்கர் எல்லாவற்றுக்கும் எண்ணெய்க் கேன். ஃபில்டர் அறையை விளிம்பு வரைக்கும் நிரப்பச் சொன்னார். நிரப்பி மூடினேன். அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்தார், இன்ஜின் பிடித்துக்கொள்ளக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினார்.

“உதைங்க தம்பி. மெதுவா. அவசரமே இல்ல.”

பத்து கிக். ஒன்றும் இல்லை. இருபது. அப்பா டார்ச்சைக் குழாயின் மேல் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டியபோது போல்ட்டின் ஓரத்தில் நுரை போல ஒரு குமிழ் வந்து உடைந்தது.

“அது காத்து. இன்னும் போடுங்க.”

நாற்பதாவதோ என்னவோ, எண்ணிக்கை விட்டுவிட்டது. போல்ட்டின் அடியில் தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டது. அடுத்த கிக்கில் அது பெரிதாகி வழிந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று. அப்பா சுட்டுவிரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

“வந்துருச்சு,” என்றார்.

பாய் போல்ட்டை இறுக்கிவிட்டு, பிளக்கை என் கையில் கொடுத்தார்.